ஐம்பதில் வளையுமா விரல்கள்?

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் விசைப்பலகையைக் கையாண்டு வருபவர்களாக இருப்பார்கள். ஆயினும் அவர்களுள் பலருக்கு இரண்டு சுட்டுவிரல்கள்தாம் உழைக்கும். மற்ற விரல்கள் வேலையின்றி மடங்கிக் கிடக்கும். தலையைக் குனிந்து ஓர் எழுத்தைத் தேடுவார்கள், அழுத்துவார்கள், நிமிர்ந்து திரையைப் பார்ப்பார்கள், மீண்டும் குனிவார்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் கழுத்து நூறு முறை ஏறி இறங்கிவிடும்.

“முறையாகத் தட்டச்சுக் கற்றுக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டால், “இனிமேலா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று சிரிப்பார்கள். சிலர் முயன்றும் பார்த்திருப்பார்கள். ஒரு வாரத்தில் இருந்த வேகமும் போய்விட்டதைக் கண்டு, “நமக்கு இது வராது” என்று விட்டிருப்பார்கள்.

உண்மையில் வளைய மறுப்பது எது? விரலா, வயதா, அல்லது வேறு ஏதாவதா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மனித மூளை ஒரு தொழிலைக் கற்கும் விதம் பற்றிய பல வியப்பான செய்திகள் கிடைக்கின்றன.

பார்க்காமல் அடித்த முதல் வீரர்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டபர் லேதம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1868ஆம் ஆண்டு தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொறி வந்துவிட்டதே தவிர, அதை எந்த விரலால் எப்படி அடிப்பது என்பதற்கு எந்த நியதியும் இருக்கவில்லை. அவரவர் தமக்குத் தோன்றியபடி இரண்டு, மூன்று, நான்கு விரல்களால் அடித்து வந்தனர்.

1888ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் சின்சின்னாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் லூயி டிராப். தட்டச்சு கற்பிக்கும் ஆசிரியர். விசைகளைப் பார்த்து அடிப்பவர். மறு பக்கம் சால்ட் லேக் நகரின் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெக்கரின். விசைகளின் இடங்களை மனத்தில் பதித்துக்கொண்டு, எல்லா விரல்களாலும், கீழே பார்க்காமலே அடிப்பவர். மெக்கரின் தெளிவான வெற்றி பெற்றார். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன. பார்க்காமல் அடிக்கும் முறை பரவுவதற்கு அந்தப் போட்டி ஒரு பெரிய தூண்டுதலாக அமைந்தது.

பார்க்காமல் அடிப்பவர் பார்த்து அடிப்பவரை எப்படி முந்த முடிந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அளவுகோல் சொல்லும் கணக்கு

முதலில் ஒரு சோதனை. நண்பர் ஒருவரை ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் கீழ் முனையில், சுழி எண்ணுக்கு நேராக, உங்கள் பெருவிரலும் சுட்டுவிரலும் தொடாமல் நிற்கட்டும். நண்பர் சொல்லாமல் கோலை விடுவார். நீங்கள் உடனே பிடிக்க வேண்டும். பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. அளவில் பிடிப்பீர்கள். தடையின்றி விழும் பொருள் கடக்கும் தொலைவு, புவியீர்ப்பு முடுக்கத்தை நேரத்தின் இருமடியால் பெருக்கி வரும் தொகையில் பாதி என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 980 செ.மீ. என்று கொண்டால், 20 செ.மீ. விழ ஆகும் நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. கண் கண்டதைக் கை செய்ய ஆகும் மறுவினை நேரம் இதுவே.

இங்கே செய்ய வேண்டியது ஒரே செயல்; யோசிக்க ஒன்றுமில்லை. இன்னதைக் கண்டால் இடது விசை, வேறொன்றைக் கண்டால் வலது விசை என்று தேர்வு செய்ய வேண்டி வந்தால் நேரம் நீளும். திமத்தி சால்ட்ஹவுஸ் என்னும் அமெரிக்க உளவியலார் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டே விசைகளுள் ஒன்றைத் தேர்ந்து அழுத்தத் தட்டச்சர்களுக்கு ஏறத்தாழ 560 மில்லி விநாடி தேவைப்பட்டது. அதாவது அரை விநாடிக்கும் மேல்.

இனிக் கணக்கைப் பாருங்கள். தட்டச்சில் ஐந்து அடிகளை ஒரு சொல் என்று கொள்வது ஆங்கில மரபு. ஓர் எழுத்துக்கு 0.56 விநாடி என்றால் நிமிடத்துக்கு 107 எழுத்துகள். அதாவது 21 சொற்கள். எழுத்தெழுத்தாகப் பார்த்து, தேர்ந்து, அழுத்துபவர் எவ்வளவு விரைந்தாலும் இந்த எல்லையைத் தாண்டுவது கடினம். ஆனால் அதே ஆய்வில் அதே தட்டச்சர்கள் சாதாரணமாக அடித்தபோது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஆன நேரம் ஏறத்தாழ 177 மில்லி விநாடி மட்டுமே! மறுவினை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நரம்புகள் விரைந்து செயல்பட்டனவா? இல்லை. நரம்பில் செய்தி செல்லும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர். மூளையிலிருந்து விரல் நுனி வரை ஒரு மீட்டர் என்றால், போக 20 மில்லி விநாடி, வர 20 மில்லி விநாடி. ஆக, நரம்பில் செலவாகும் நேரம் மிகச் சிறியது. மீதி நேரமெல்லாம் மூளையில், “எது? எங்கே? எந்த விரல்?” என்று தீர்மானிப்பதில் செலவாகிறது. பயிற்சி செய்வது இந்தத் தீர்மானத்தை முன்கூட்டியே முடித்து வைப்பதைத்தான்.

வரிசையில் நிற்கும் எழுத்துகள்

தேர்ந்த தட்டச்சரின் கண், அவர் விரல் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்துக்கு மூன்று முதல் ஏழு எழுத்துகள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. வரப்போகும் எழுத்துகளை மறைத்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினால், அவருடைய வேகமும் தேர்வு நேரத்தின் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. ஆகவே அவருடைய திறமை விரலின் வேகத்தில் இல்லை. வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில் இருக்கிறது.

தட்டச்சரின் கைகளை வேகமாகப் படமெடுத்துப் பார்த்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. ஒரு விரல் விசையை அழுத்தும் முன்பே அடுத்த விரல் தன் விசையை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. இரு கைகளும் மாறி மாறி அடிக்கும் எழுத்துகள் விரைவாக வருவதும், ஒரே விரல் தொடர்ந்து அடிக்க வேண்டிய இரண்டு எழுத்துகள் தாமதமாவதும் இதனால்தான். விரலுக்கு இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் இருக்க முடியாதல்லவா? இரண்டு விரல்களை மட்டும் நம்புபவருக்கு இந்த முட்டுக்கட்டை அடிக்கடி நேர்கிறது.

கண்ணை நம்பும் மூளை

கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தவறாமல் தொடுவீர்கள். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு முனைகள், உறுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்கு ஓயாமல் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. இதைத் தன்னிலை உணர்வு எனலாம். பார்க்காமல் அடிப்பதற்கு ஆதாரம் இந்த உணர்வே.

ஆனால் மூளைக்கு ஒரு குணம் உண்டு. கண் தரும் செய்தியும் தசை தரும் செய்தியும் ஒன்றாக வரும்போது அது பெரும்பாலும் கண்ணையே நம்புகிறது. விசையைப் பார்த்துப் பார்த்து அடிப்பவரின் விரல், பத்தாண்டு அடித்தாலும், “எவ்வளவு நீண்டால் அந்த விசை வரும்” என்பதைத் தன்பொறுப்பில் முழுமையாகக் கற்பதில்லை. பொறுப்பு கண்ணிடம் இருக்கிறது. மேலும், ஒரே எழுத்தை ஒரு முறை வலது சுட்டுவிரலும் மறு முறை இடது சுட்டுவிரலும் அடிக்கின்றன. எந்த விரல் எந்த விசைக்கு என்பது நிலையாக இல்லாதபோது மனனம் செய்ய எதுவும் இல்லை.

ஆண்டுக்கணக்கில் அடித்தும் திறமை வளராததன் காரணம் இப்போது விளங்கும். பழக்கம் இருந்தது, பயிற்சி நடக்கவில்லை.

தெரிந்தவருக்கே தெரியாது

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலார் 2014இல் ஒரு வேடிக்கையான உண்மையை வெளியிட்டனர். நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் அடிக்கும் தேர்ச்சி பெற்றவர்களிடம் எழுத்துகள் இல்லாத வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். சராசரியாக 15 எழுத்துகளையே சரியான இடத்தில் எழுதினர்! விரலுக்குத் தெரிந்தது வாயால் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்த நல்ல தட்டச்சர் ஒருவரிடம் ஓர் எழுத்தின் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். விரலைக் காற்றில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

இதே பல்கலைக்கழகத்தின் கார்டன் லோகன், மேத்யூ கிரம்ப் இருவரும் 2010இல் நடத்திய மற்றொரு சோதனையில் கணிப்பொறி ஏமாற்று வேலை செய்தது. சரியாக அடித்த சொல்லில் திரையில் தானாகவே பிழையை நுழைத்தது. பிழையாக அடித்ததைத் தானே திருத்திக் காட்டியது. தட்டச்சர்கள் திரையை நம்பினார்கள். கணிப்பொறி செய்த பிழையைத் தம் பிழை என்று ஏற்றார்கள். அது செய்த திருத்தத்துக்குத் தாமே பெருமை கொண்டார்கள். ஆனால் விரல்கள் ஏமாறவில்லை. உண்மையான பிழைக்குப் பின்னர் மட்டுமே அவை சற்றுத் தயங்கின. ஆக, நமக்குள் இரண்டு மேற்பார்வையாளர்கள் இருக்கின்றனர். ஒருவர் சொற்களையும் திரையையும் கவனிக்கிறார். மற்றவர் விரல்களைக் கவனிக்கிறார். முறையாகக் கற்பது என்றால் விரலின் வேலையை இந்த இரண்டாமவரிடம் ஒப்படைப்பதே. அப்போதுதான் முதலாமவர் எழுத வேண்டிய கருத்தில் முழு மனத்தையும் செலுத்த முடியும்.

நிமிர்ந்து நிற்கும் செங்கல்

அப்படியானால் ஒன்றுமே தெரியாத சிறுவனைவிட, பல ஆண்டு அடித்துப் பழகியவருக்கு மனம் அதிகம் சோர்வது ஏன்?

ஒரு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். படுத்த நிலைதான் அதற்கு உறுதியான நிலை. ஆயினும் அது தானாகப் படுப்பதில்லை. அதைச் சாய்க்கும்போது அதன் ஈர்ப்பு மையம் முதலில் சற்று மேலே எழ வேண்டும். அதற்கு நாம் ஆற்றல் செலவிட வேண்டும். அந்தச் சிறு மேட்டைத் தாண்டும் முன் கையை எடுத்தால் செங்கல் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

பழக்கத்தை மாற்றுவதும் இப்படியே. இரு விரல்களால் நிமிடத்துக்கு 25 சொற்கள் அடிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையைத் தொடங்கியதும் அவர் வேகம் எட்டாகவோ பத்தாகவோ குறையும். சிறுவனுக்கு எட்டுச் சொல் என்பது சுழியிலிருந்து ஏற்றம். இவருக்கு அதே எட்டுச் சொல் பெரிய இழப்பு. தவிர, ஒரே எழுத்தைக் கண்டதும் பழைய விரலும் புதிய விரலும் ஒருசேரப் புறப்பட முயல்கின்றன. ஒரே தூண்டலுக்கு இரண்டு மறுவினைகள் போட்டியிடும்போது குழப்பம் நேர்வதை உளவியலார் நெடுங்காலமாக அறிவர். அவசர வேலை வந்தால் பழைய விரல்களே வென்றுவிடும்.

இந்த மேட்டில்தான் பலர் கையை எடுத்துவிடுகின்றனர். வேகம் குறைவது தோல்வியின் அடையாளமன்று. பொறுப்பு கண்ணிடமிருந்து விரலுக்குக் கைமாறுவதன் அடையாளம்.

மேட்டைத் தாண்டிய பிறகும் சிலருக்கு ஒரு சமவெளி வரும். அமெரிக்காவின் பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர் 1890களில் தந்தி பயில்வோரை ஆராய்ந்தபோது, செய்தியைக் கேட்டு எழுதும் திறன் சில வாரங்கள் ஏறி, பிறகு நெடுநாள் ஏறாமல் நின்று, மீண்டும் ஏறியதைக் கண்டனர். எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல்சொல்லாகக் கேட்கப் பழகும் இடைக்காலம் அது என்று விளக்கினர். பிற்கால ஆய்வுகளில் எல்லோரிடமும் இத்தகைய சமவெளி காணப்படவில்லை. ஆனாலும் வேகம் நின்றுவிட்டதாகத் தோன்றும் நாள்களில் மனம் தளர வேண்டியதில்லை என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எவ்வளவு நேரம் பயில்வது?

இங்கிலாந்தில் அஞ்சல் குறியீட்டைப் பயன்படுத்திக் கடிதங்களைப் பிரிப்பதற்காக அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டி வந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் என்னும் ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம். ஒரு குழுவுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி ஒரு முறை. மற்றொன்றுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி இரு முறை. கடைசிக் குழுவுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி இரு முறை. 1978இல் வெளியான முடிவு இது: விசைப்பலகையைக் கற்க நாளைக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நாளைக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கோ ஏறத்தாழ 50 மணி நேரம் ஆயிற்று.

இதில் ஒரு விந்தை உண்டு. நான்கு குழுக்களிலும் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தவர்கள், நன்றாகக் கற்ற முதல் குழுவினரே! மணிக்கணக்கில் அவர்கள் முந்தினாலும், நாள்கணக்கில் பின்தங்கினார்கள் அல்லவா? அடுத்தவர் ஏறத்தாழ இரண்டரை வாரங்களில் முடிக்க, தமக்கு மட்டும் ஏழு வாரங்கள் ஆவது அவர்களுக்கு உறுத்தியது. நம் மனம் தரும் சான்றிதழ் எப்போதும் நம்பத்தக்கதன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வயது தடையா?

இனி ஐம்பதுக்கு வருவோம். சால்ட்ஹவுஸ் ஆய்ந்த தட்டச்சர்கள் 19 முதல் 72 வயது வரையிலானவர்கள். எதிர்பார்த்தபடியே, முதியவர்களின் மறுவினை நேரம் இளையவர்களைவிட நீண்டிருந்தது. ஆனால் தட்டச்சு வேகத்தில் வயதால் குறை காணப்படவில்லை. எப்படி? முதியவர்களின் கண் இளையவர்களின் கண்ணைவிட அதிக எழுத்துகள் முன்னால் ஓடியது. விரல் தாமதிப்பதை முன்னோட்டம் ஈடு செய்தது.

இவர்கள் முன்பே கற்றவர்கள் என்பது உண்மைதான். வயது வந்தபின் கற்பவருக்கு நாள்கள் கூடுதலாகலாம். ஆனால் தட்டச்சின் வேகம் மறுவினை நேரத்தில் இல்லை என்பதை மேலே கண்டோம். வயது பறிப்பது எதுவோ, அது தட்டச்சுக்கு முதன்மையானதன்று. அளவுகோலை இருபது செ.மீ. தள்ளிப் பிடிப்பவரும் நன்றாக அடிக்கலாம்.

பத்து விரல்களும் கட்டாயமா?

இங்கு மற்றொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினர் 2016இல் 30 பேரை ஆராய்ந்தனர். முறையாகக் கற்றவர்கள், தாமாகவே பழகியவர்கள் ஆகிய இரு சாராரின் சராசரி வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே, நிமிடத்துக்கு 60 சொற்களுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தாமாகப் பழகியவர்களில் விரைவாக அடித்தவர்கள் ஆறு விரல்களைக் கொண்டே அதைச் சாதித்தனர்.

முறையாகக் கற்பது வீண் என்று இதற்குப் பொருளா? அன்று. விரைவாக அடித்தவர்கள் ஒவ்வொரு விசைக்கும் ஒரே விரலை நிலையாகப் பயன்படுத்தினர். கைகளை அதிகம் அலையவிடவில்லை. முறையாகக் கற்றவர்கள் தம் விரல்களைப் பார்த்த நேரம் ஐந்தில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கோ ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே, பார்க்காமலே இவ்வாறு அடிப்பவர் எத்தனை விரல்களைப் பயன்படுத்தினாலும் கவலைப்பட வேண்டாம். கண் கீழேயே இருந்து, வேகமும் இருபதிலேயே நிற்பவருக்குத்தான் மருந்து தேவை.

தொடங்கும் முறை

எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளில் சிறு மேடு இருப்பதை விரலால் தடவினால் உணரலாம். சுட்டுவிரல்கள் இரண்டும் அவற்றின்மேல் இருக்க, மற்ற விரல்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து அமரட்டும். நம் தட்டச்சுப் பயிலகங்களில் முதல் நாள் தரும் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்ற பாடம் இந்த இருப்பிடத்தை விரலுக்குக் கற்பிப்பதே. எவ்வளவு தொலைவு சென்றாலும் விரல் அங்கே திரும்ப வேண்டும்.

கைகளின்மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். விசைப்பலகையின் படத்தைக் கண்ணுக்கு நேரே மாட்டிவையுங்கள். ஐயம் வந்தால் படத்தைப் பாருங்கள்; கையைப் பார்க்காதீர்கள். வேகத்தை மறந்து, சீரான தாளத்தில், பிழை வராத அளவுக்கு மெதுவாக அடியுங்கள். பிழையோடு விரைந்தால் பிழையும் சேர்ந்தே பழகிப்போகும். நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை போதும். ஆனால் நாள் தவறக் கூடாது. அவசர வேலை இல்லாத விடுமுறைக் காலத்தில் தொடங்குவது நல்லது.

தமிழில் அடிக்க விரும்புவோருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடித்துத் தமிழாக்கி வந்தவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை முற்றிலும் புதியது. அதில் உயிர் எழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. க, ப, ம, த, ந, ய ஆகியவை விரல்கள் ஓய்வாக நிற்கும் நடு வரிசையிலேயே இருக்கின்றன. உயிர்மெய் எழுதும்போது இரு கைகளும் மாறி மாறி வருவதால், மேலே சொன்ன வேலை அடுக்கு இயல்பாக அமைகிறது. விசைகளில் தமிழ் எழுத்து பொறிக்கப்படாத விசைப்பலகையானால் இன்னும் நல்லது. குனிந்து பார்த்தாலும் பயனில்லை என்பதால் கண் தானே நிமிர்ந்துவிடும்!

நாளைக்கு ஒரு மணி வீதம் 35 மணி நேரம் என்பது, ஞாயிறும் சனியும் நீங்கலாக ஏழு வாரங்கள். அதற்குப் பின் அவர் எழுதப்போகும் கடிதங்களும் கட்டுரைகளும் அறிக்கைகளும் எத்தனை ஆண்டுகளுக்கு நீளும் என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பதில் விரல் வளையும். ஒரு சில வாரங்கள் மெதுவாக இருக்க மனம் இணங்குமா என்பதே கேள்வி.